பாலையா, ஆற்றுப்படையா?
ஒரு பயணக் குறிப்பேடு பற்றிய ஆய்வு

திருவொற்றியூரில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், 2014-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் தந்தையாரின் பழைய புல்லட் வண்டியில் லடாக்கு நாட்டிற்குச் சென்று மீண்டார். சென்னையிலிருந்து தில்லி வரை வண்டி புகைவண்டியில் ஏறிச்சென்றது. அதன்மேல் மணாலி, லே, கர்துங்கு கணவாய், நுப்ரா பள்ளத்தாக்கு என 14 நாட் செலவு. அச்செலவைப் பற்றி அவர் எழுதிய குறிப்பேட்டை அச்சிடக் கருதி அண்மையில் எம்மிடம் கொணர்ந்தார். ‘ஐயா, இதனை இக்காலப் பாலைத்திணை என்று குறித்து ஒரு முன்னுரை எழுதித் தாருங்கள்’ என்பது அவர் வேண்டுகோள். யாம் இருமுறை படித்தோம். அவர் வேண்டியவாறு எழுத இயலவில்லை. இயலாமைக்குரிய காரணங்களை எண்ணிப் பார்த்தபோது, அவை ஒரு குறிப்பேட்டளவில் நில்லாமல், இன்று தமிழில் பெருகிவரும் மோட்டார் சைக்கிள் பயண வரலாறுகள் பலவற்றிற்கும் பொருந்துவனவாகத் தோன்றின. ஆகவே, மாணவரின் இசைவு பெற்று அவற்றை ஈண்டு வரைகின்றோம்.

குறிப்பேடு இரு பகுதியாக உள்ளது. முற்பகுதி மையினால் எழுதப்பெற்றுப் பன்முறை திருத்தப்பட்டது. பிற்பகுதி, பின்னர் அவ்வழிச் செல்லவிருந்த நண்பர் ஒருவர்க்காகப் பென்சிலால் விரைந்து குறித்துவைத்தது. ‘இது இலக்கியம் அன்று’ எனக் கருதி, அச்சில் விட்டுவிட மாணவர் எண்ணியிருந்தார். எம் ஆராய்ச்சி முழுதும் இவ்விரு பகுதிகளின் வேறுபாட்டைப் பற்றியதே.

முதற்கண், பாலை என்னும் பெயர் பொருந்துமா எனக் காண்போம். நிலத்தளவில் தடையில்லை. தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவு கொள்ளும் என்று இளங்கோவடிகள் விளக்கினார். இமயத்தின் மழைமறைவில் கிடக்கும் லடாக்கோ பனியாலும் வறட்சியாலும் திரிந்த குறிஞ்சி. லே நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் என்பர்; சென்னையில் கார்த்திகை மாதத்து ஒருநாட் பெருமழை அதனை விஞ்சும். நுப்ராவில் மணற்குன்றும் இருதிமில் ஒட்டகமும் உண்டு. வெம்மைக்கு மாறாகத் தண்மை என்பதே வேற்றுமை.

ஆயினும், நிலம் பாலையாதலால் நூல் பாலையாகிவிடாது. திணையை வரையறுப்பது உரிப்பொருள். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. அகநானூற்றின் 400 பாட்டுகளுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டும் பாலை. தொகுத்தோர் செம்பாதியை இத்திணைக்கே ஒதுக்கினர். அப்பாட்டுகளில் பேசுவோர் யாவர்? இல்லிலிருக்கும் தலைவி, தோழி, மகட்போக்கிய தாய், செவிலி ஆகியோரே மிகப்பலர். செல்லும் தலைவன் பேசும்போதும் தன் நெஞ்சோடு வழக்காடியே பேசுகின்றான். போவதா, மீள்வதா என்பதே அவ்வழக்கு. செலவழுங்கல் என்றொரு துறையே நம் முன்னோர் கண்டனர். சுரத்தின் கொடுமை, செல்வோன் கண்ணால் காண்பதினும், அவனுக்காக அஞ்சும் ஒருத்தியின் நெஞ்சில் தோன்றுவதே மிகுதி. யானை மரப்பட்டையை உரிப்பதும் ஆறலைகள்வர் பதுங்கியிருப்பதும் அவள் எண்ணிப் பார்த்தவை. அதனாலேதான் அவை நம்மை நடுங்கச் செய்கின்றன.

இவ்வளவையும் மனத்துட் கொண்டு குறிப்பேட்டின் முற்பகுதியைப் படித்தால் வேறோர் உலகில் நிற்கின்றோம். ஈண்டுப் பொருள்வயிற் பிரிவு இல்லை. வினைவயிற் பிரிவும் இல்லை. செல்லுதலே செல்லுதற்குப் பயன். அதனை யாம் குறையெனக் கூறவில்லை. இளைஞர் தம் ஊதியத்தில் ஊர் காணச் செல்லுதல் நன்றே. ஆனால் பிரியப்பட்டோர் நூலில் எங்கே? பிற மாநிலத்து முன்கட்டண சிம் அட்டை லடாக்கில் வேலை செய்யாது. மணாலி விட்டபின் மூன்று நாள் மாணவரின் வீட்டாருக்கு ஒரு செய்தியும் இல்லை. லே சேர்ந்து, கடையொன்றிலிருந்து வீட்டிற்குப் பேசியதை, ‘அம்மா அழுதார்கள்’ என்ற இரண்டு சொல்லால் முடித்து, அடுத்த வரியில் அங்காடியின் அழகுக்குச் சென்றுவிட்டார். அம்மூன்று நாளும் திருவொற்றியூர்த் தெருவொன்றில் நிகழ்ந்ததே பாலைப்பாட்டு. அதனைப் பாடியவர் இலர்.

இவ்வூரைப் பற்றி ஈண்டு ஒன்று நினைவுக்கு வருகின்றது. சங்கிலியாரைப் பிரியேன் என்று ஒற்றியூரில் மகிழின்கீழ்ச் சூளுரைத்த சுந்தரர், ஆரூர் வசந்த விழாவை நினைந்து ஊரெல்லை கடந்த அளவில் கண்ணொளி இழந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார் எனப் பெரியபுராணம் கூறும். தமிழில் செலவு என்பது இவ்வாறு எல்லையிலேயே விலை கேட்பது. வழிப்போக்கர் எவரும் கண்ணிழக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. பிரிவுக்கு விலை தாராத நூலுக்குப் பாலை என்ற பெயரை இலவசமாக வழங்கலாகாது என்றே சொல்கின்றோம்.

இனி முற்பகுதியின் நடை. வண்டியை மாணவர் ‘எந்திரப் புரவி’ என்றும் ‘இரும்பு வேழம்’ என்றும் மாறிமாறி அழைக்கின்றார். பழநடையில் எழுதும் யாம் இதனைக் குறை கூறுதல் நகைப்பிற்கிடமாகலாம். எனினும் கூறவேண்டியுள்ளது. அவர் தந்தையார் அவ்வண்டி பிறந்த தொழிற்சாலையிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. அதன் ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. நம் படையினர் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தமையே அதற்கு வித்து. தொடக்கத்தில் கடல்கடந்து வந்த உறுப்புகளை ஈண்டுப் பூட்டினர். பின்னர் உறுப்புகளையும் ஈண்டே வார்த்தனர், கடைந்தனர். ரெட்டிச்சில் தொழில் நின்ற பின்னும் ஒற்றியூரில் நிற்கவில்லை. இவ்வாறு எல்லை மலைக்கென்றே தேர்ந்த வண்டி, கடற்கரையில் பிறந்து, மலைக்கு மீள்கின்றது. கிக்கர், பாயிண்ட், டாப்பெட், கிளச் ஒயர் என்ற சொற்கள் அத்தெருக்களில் தாய்மொழிபோல் வழங்குவன. அச்சொற்களில் ஒன்றேனும் முற்பகுதியில் இல்லை. புரவிக்குக் கிளச் ஒயர் அறாதன்றோ!

பிற நாட்டு நூல்களோடு ஒருசிறிது ஒப்பிடுவோம். 1952-இல் சே குவாராவும் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் அர்ஜென்டினாவிலிருந்து நார்ட்டன் 500 வண்டியில் புறப்பட்டனர். வண்டி சிலி நாட்டிலேயே உயிர்விட்டது. நூல் அதற்குப் பின்னரே உயிர்பெறுகின்றது என்பது எம் கருத்து. ஏனெனில் நடந்தும் லாரியில் ஏறியும் சென்றபோதுதான் சுரங்கத் தொழிலாளரை அவர்கள் முகம் நோக்கிக் கண்டனர். 1968-இல் மகனோடு மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற செலவை வைத்து ராபர்ட் பிர்சிக் எழுதிய நூல் 1974-இல் வந்தது. அதில் உடன்செல்லும் நண்பர் வண்டியைச் செப்பஞ்செய்வதை அருவருப்பவர். ஆசிரியரோ திருகாணியை முடுக்குவதையே ஒரு சிந்தனையாகக் கொள்பவர். எம் மாணவர் சாலையில் பிர்சிக்காகவும் மேசையில் அந்நண்பராகவும் இருக்கின்றார்.

இனிப் பிற்பகுதிக்கு வருவோம். இதுவே இக்குறிப்பேட்டின் உயிர்.

மலைபடுகடாம் 583 அடி கொண்ட பாட்டு. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி கூறுகின்றான். வளம் பெற்றான் பெறாதானை ஆற்றுப்படுத்தல் என்ற இலக்கணம் யாவரும் அறிந்தது. ஆனால் அவன் வழி கூறும் முறையை நம் திறனாய்வாளர் போதிய அளவு பாராட்டவில்லை. பன்றிக்கு வைத்த பொறி கிடக்கும் நெறியை விடிந்தபின் கடக்கச் சொல்கின்றான். கானவர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் மேலே படாதவாறு மரத்தின் மறைவில் ஒதுங்கச் சொல்கின்றான். பாம்பு ஒடுங்கும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறை எங்கே எனச் சுட்டுகின்றான். ஒவ்வொன்றும் ஒருவன் உயிரைக் காப்பது. பெருங்கௌசிகனார் இவற்றைப் பாட்டுக்குப் புறம்பென ஒதுக்கியிருந்தால் பாட்டில் நன்னன் புகழ் ஒன்றே எஞ்சியிருக்கும்.

மாணவரின் பென்சில் எழுத்தும் இத்தகையதே. தண்டி என்னுமிடத்துப் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் என்றதொரு பலகை நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. முற்பகுதியில் அது வியப்புக்குரிய காட்சி. பிற்பகுதியில் அது கணக்கு: மலையேற்றத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர், தொட்டியோ ஏறத்தாழ 14 லிட்டர், ஆகவே 5 லிட்டர்க் கேன் ஒன்று இடப்பக்கம் கட்டு, வலப்பக்கம் சைலன்சர். பனியுருகி ஓடும் ஓடைகள் வெயிலேற ஏறப் பெருகும், முற்பகலில் கடந்துவிடு. உயரத்தில் காற்று மெலியும், கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாக ஊட்டும், பிளக்கு கரியேறும், இரண்டு பிளக்கு மாற்றுக்கு வை. கிளச் ஒயரை அறுந்தபின் மாட்டாதே. புது ஒயரைப் பழைய ஒயரோடு சேர்த்தே ஓட்டிக் கட்டிவை, அறுந்தவுடன் முனையை மட்டும் மாட்டு.

இவ்விறுதிக் குறிப்பைப் படித்தபோது யாம் புறநானூற்றின் 102-ஆம் பாட்டை எடுத்துப் பார்த்தோம். மேடும் பள்ளமும் என்ன நேருமோ என அஞ்சிய உமணர், வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் என்றும், பொகுட்டெழினி அத்தகையன் என்றும் ஔவையார் பாடினார். தலைவன் ஒருவனுக்கு உவமையாதற்கு மாற்று உறுப்பு ஒன்று தகுதியுடையது என அவர் கண்டார். மாணவரோ அதனை இலக்கியத்துக்குப் புறம்பு என்கின்றார்! பாலையூடு முதற்கண் வண்டி ஓட்டிய தமிழர் நெய்தல் நிலத்து உமணரே. அவர் விட்டுச்சென்ற கல்லடுப்பில் பின்வரும் வில்வீரர் ஊன் புழுக்குவதை அகநானூற்றின் 159-ஆம் பாட்டில் காணலாம். முன் சென்றோர் விட்டது பின் செல்வோர்க்கு உதவும். அவர் யாராயினும் சரி.

இரு பகுதியும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 4,200 மீட்டருக்கு மேற்பட்ட சர்ச்சுவில் தங்கிய இரவை முற்பகுதி நிலவும் அமைதியும் நிறைந்ததாகக் கூறுகின்றது. சொற்கள் இனியவை. பிற்பகுதியில் அதே இரவு இவ்வாறு உள்ளது: தலை வெடித்தது, இருமுறை வாந்தி, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தேன், சர்ச்சுவில் தங்காதே, ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கி, விடியுமுன் புறப்பட்டு, ஒரே நாளில் லே வரை இறங்கிவிடு. ஒரே ஆசிரியர், ஒரே இரவு. முற்பகுதியை நம்பிச் செல்லும் இளைஞன் சர்ச்சுவில் நிலவு காணத் தங்குவான். உயரநோய் முற்றினால் உயிர் போகும். இங்கே பொய் என்பது நடைக்குற்றம் மட்டும் அன்று.

கர்துங்கு கணவாயிலும் இத்தகையதே. உலகிலேயே உயர்ந்த வண்டிச்சாலை, 18,380 அடி என்ற பலகையைப் பயண நூலார் பலரும் படியெடுத்தனர். அளந்து கண்ட உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடியே. மாணவரும் பலகையையே எழுதியுள்ளார். 800 அடி குறைந்ததனால் அங்கே மூச்சு எளிதாகிவிடப் போவதில்லை. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் பாதியளவே அங்கும் உண்டு. தம் மூச்சை எழுதியிருந்தால் பலகை வேண்டியிருந்திராது.

ஆற்றுப்படைக்குப் புரவலன் வேண்டுமே, இங்கே யார் என்று வினவலாம். தக்க வினா. பாங்கு என்னுமிடத்தில் கூடாரம் அமைத்து வழிப்போக்கர்க்குச் சோறும் கம்பளியும் தரும் பெண்டிரை மாணவர் குறித்துள்ளார். ஆனால் அவர் பெறுவது விலை, தருவது பரிசில் அன்று. எனவே இலக்கணம் முழுதும் நிரம்பவில்லை. நிரம்பாவிடினும், பாலை என்பதினும் ஆற்றுப்படை என்பது இதற்கு அணுக்கமான பெயர். ஆற்றுப்படைக்கு மற்றொரு கடப்பாடும் உண்டு. வழி மாறினால் நூலும் திருந்த வேண்டும். மாணவர் 3,978 மீட்டர் உயர ரோத்தங்கு கணவாயை ஏறிக் கடந்தார். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் லாகௌலுக்குச் செல்வோர்க்கு அவ்வேற்றம் வேண்டுவதில்லை. ஒரே மணிநேரத்தில் மறுபுறம் சேர்வோர்க்கு உடம்பு உயரத்திற்குப் பழகும் பொழுதும் குறைகின்றது. இதனை எழுதாமல் அச்சிடலாகாது.

ஆதலின் முன்னுரைக்கு மாறாக யாம் மூன்று திருத்தம் கேட்டோம். சர்ச்சு இரவை ஒன்றாக்குக. நிலவு இருந்தால் இருக்கட்டும், வாந்தியும் இருக்கட்டும். வீட்டாரைக் கேட்டு அம்மூன்று நாளை எழுதுக. எழுத மனமில்லையேல் பாலை என்ற சொல்லை அட்டையிலிருந்து நீக்குக. ‘ஓடையை முற்பகலில் கடந்துவிடு’ என்பது போதாது. எந்தக் கல்லருகே உள்ள ஓடை, எத்தனை மணிக்குள் என்பது வேண்டும்.

மாணவர் குறிப்பேட்டைப் பெற்றுச் சென்றார். அடுத்த வாரம் வந்து, ஓடையருகே எடுத்த நிழற்படமொன்றில் கிலோமீட்டர்க் கல்லின் எண் தெரிகின்றது என்றும், நேரத்தை மட்டும் உடன்வந்தவரைக் கேட்டு எழுதவேண்டும் என்றும் கூறினார். வீட்டாரைக் கேட்டீரோ என வினவினோம். தந்தையாரைக் கேட்டதாகவும், அவர் வண்டியைப் பற்றி மட்டுமே பேசியதாகவும் சொன்னார். அன்னையாரை இன்னும் கேட்கவில்லை.