கனகசபை வாங்கிய அடி

கடந்த மாரிகாலத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் கூட்டத்தில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். வடமேற்கு லண்டனில், வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபமொன்றில் நடக்கிற கூட்டம். பத்துப் பதினைந்து பெடியன்கள் வருவார்கள். பாதிப்பேர் பல்கலைக்கழகத்தில், மற்றவர்கள் முதல் வேலையில். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: ‘கிறிஸ்தவ வாலிபன் ஞானத்தோடும் நேர்மையோடும் வாழ்வது எப்படி?’ நான் போதகர் இல்லை. வங்கிகளுக்கும் காப்புறுதிக் கொம்பனிகளுக்கும் மென்பொருள் ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்கிறவன். தமிழ் வாசிக்கிற பழக்கம் இன்னும் விட்டுப்போகாத ஆள் என்பதால் பிடித்திருப்பார்கள்.

சபையின் புத்தக அலுமாரியைக் கிண்டியதில் வாலிபருக்கான கைந்நூல்கள் எட்டோ ஒன்பதோ கிடைத்தன. கண்ணைக் காத்துக்கொள், கைப்பேசியைக் காத்துக்கொள், குடியாதே, பெற்றோர் சொல்லைக் கேட்டுக் கலியாணம் கட்டு. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனுக்கும் இவற்றைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் ஒருவன் இருக்கிற இடத்தைப் பற்றி அந்த நூல்களில் ஒரு பக்கம்கூட இல்லை. ஒபிஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாதோ என்று தோன்றியது.

இத்தனைக்கும் ‘கிறிஸ்தவ வாலிபர்’ என்று நாம் சேர்த்துச் சொல்வதற்குக் காரணமான இயக்கம் ஒரு வேலைத்தலத்தில்தான் பிறந்தது. 1844 ஜூன் 6ஆம் திகதி, லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த துணிக்கடையொன்றின் மேல்மாடியில் வை.எம்.சி.ஏ. தொடங்கியது. ஜோர்ஜ் வில்லியம்ஸும் அவரோடு கூடிய பெரும்பாலானவர்களும் துணிக்கடைச் சிப்பந்திகள். நாள் முழுக்க நின்று விற்றுவிட்டு அதே கட்டடத்தில் படுத்து எழும்பியவர்கள். அவர்களுடைய சோதனைகள் கடையின் கதவுக்கு வெளியிலும் இருந்தன, உள்ளேயும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த நான்கு எழுத்தும் மேசைப்பந்து விளையாடும் இடமாக மட்டும் தெரிந்தது வேறு கதை.

கைந்நூல்களை மூடிவைத்துவிட்டு மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எடுத்தேன். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு நாங்கள் கைவிட்ட மனிதர். 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, பிறகு நீண்ட காலம் மாயூரம். 1889இல் காலமானார். கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சி முடியும் காலத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவன் நீதிமன்றக் கதிரையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீளும். மேலே இருப்பவன் வேற்றுநாட்டான், ஆனால் தன் மதத்தவன். கீழே நிற்பவன் தன் ஊரவன், ஆனால் வேற்று மதத்தவன். இன்று லண்டனில் ஒரு தமிழ்ப் பெடியன் நிற்கிற இடம் இதிலிருந்து அதிகம் தூரமில்லை.

அந்தக் கதிரையில் இருந்துகொண்டு அவர் 1859இல் ‘நீதிநூல்’ வெளியிட்டார். அதில் கைக்கூலிக்கென்று, அதாவது லஞ்சத்துக்கென்று, தனி அதிகாரம் உண்டு; பெண்களைப் படிப்பிப்பதற்கும் தனி அதிகாரம் உண்டு. செய்யுளாக நீதிநூல் என்னை அதிகம் கவரவில்லை. உவமைகள் வரிசையில் வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போகின்றன. ஆனால் எதைப் பாவம் என்று கணக்கெடுக்கிறார் என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிகிறது. அவருடைய பாவப் பட்டியலில் படுக்கையறையும் இருக்கிறது, கச்சேரியும் இருக்கிறது. எங்கள் கைந்நூல்களில் இரண்டாவது காணாமல்போய்விட்டது.

செய்யுளைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அவர் செய்த மொழிபெயர்ப்பு. 1805 முதல் 1861 வரையான உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். ஊரவன் தன் காணி எதன் பேரில் பறிபோகிறது என்று தானே வாசித்து அறிய ஒரு வழி. எங்கள் தொழிலில் இதற்குச் சமமானது, மென்பொருள் ஏன் அப்படி முடிவெடுத்தது என்பதை அதனால் பாதிக்கப்பட்டவருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுப்பது. இருபது வருஷ வேலையில் அதை என்னிடம் கேட்ட வாடிக்கையாளர் மிகக் குறைவு.

1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்தது. நாவலா, கதைக்கொத்தா என்ற வழக்கை விமர்சகர்கள் நடத்தட்டும். கதைக்குள் கதை, அதற்குள் ஒரு பிரசங்கம், நடுவில் ஒரு பகிடி என்று அது தன் போக்கில் போகிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது தொடக்கத்தில் வரும் ஒரு ஏற்பாடு. பிரதாபன் செல்வந்தர் வீட்டுச் செல்லப்பிள்ளை. அவனுக்குப் பாடம் சொல்ல உபாத்தியாயர் வருகிறார். பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. அவன் பாடத்தில் தவறினால் உபாத்தியாயரின் மகன் கனகசபைக்கு அடி விழும்.

சிரிக்கும்படிதான் எழுதியிருக்கிறார். கதையைச் சொல்பவனே பிரதாபன். தன் முட்டாள்தனத்தைத் தானே ஒப்புக்கொண்டு பகிடியாகச் சொல்லிப் போகிறான். நானும் முதல் தடவை சிரித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். பிறகுதான் உறைத்தது. ஒருவனுடைய குற்றத்துக்கு இன்னொருவன் அடிபடுவது கிறிஸ்தவனுக்குச் சாதாரண சங்கதியா? ஞாயிறுதோறும் அதைத்தானே நாங்கள் பாடுகிறோம். சிலுவை என்பதே அதுதான். தாமாக ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றிய அந்த விசுவாசத்தை, ஏழை வாத்தியார் மகன்மேல் சுமத்தினால் என்னவாகிறது என்று வேதநாயகம் பிள்ளை காட்டிவிடுகிறார். கனகசபையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கத்தோலிக்கரான நூலாசிரியர் இதைத் தெரிந்து செய்தாரா? எனக்கு அது முக்கியமில்லை. பலகாலம் கச்சேரியில் இருந்தவருக்கு யாருடைய குற்றத்துக்கு யார் அடிபடுகிறார்கள் என்பது கண்ணில் படாமல் இருந்திருக்காது.

இந்த நாட்டில் வாழ்கிற ஒருவருக்கு இந்த இடத்தில் தபாற்கந்தோர் நினைவுக்கு வராமல் போகாது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளில் பிழைகள் இருந்தன. காசு குறைகிறது என்று அது காட்டிய தொகைக்காக 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் தெற்காசியர் பலர். சீமா மிஸ்ரா 2010இல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. மென்பொருளில் பிழை உண்டு என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 டிசம்பரில்; தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் வந்தது 2024இல். 2012 முதல் 2019 வரை அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த போலா வெனல்ஸ் இங்கிலாந்துத் திருச்சபையில் அபிஷேகம் பெற்ற குருவானவர். அவருடைய மனச்சாட்சிக்குள் புகுந்து பார்க்க நான் ஆளில்லை. பக்தியுள்ள ஒருவர் தலைமையில் இருப்பதால் மட்டும் கனகசபைமார் அடியிலிருந்து தப்புவதில்லை என்பதைத் தவிர வேறெதையும் நான் சொல்லவரவில்லை.

எனக்கும் ஒரு கனகசபை உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன், ஒரு கொம்பனியில் பழைய காப்புறுதிக் கணக்குகளைப் புது மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். சில நூறு பேருடைய கட்டணம் பிழையாகப் போனது. அதற்குக் காரணமான அட்டவணையைத் தயாரித்தவன் நான். கூட்டத்தில் பழி, சோதனை செய்கிற பகுதியில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண்மேல் விழுந்தது. அவ கவனிக்காமல் விட்டுவிட்டா என்று முகாமையாளர் சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவவின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. அந்த ஞாயிறு சபையில் வேதபாடம் வாசித்தது நான்தான். தடக்காமல் நன்றாக வாசித்ததாக ஒரு அன்ரி பாராட்டினா.

வேதநாயகம் பிள்ளையின் நாவல் என்னை விடாததற்கு இன்னொரு காரணம், அதில் ஞானம் கதாநாயகனிடம் இல்லை. அது ஞானாம்பாளிடம் இருக்கிறது, பெயரே அதுதான். வீட்டில் அவனுடைய தாய் சுந்தரத்தண்ணியிடமும் இருக்கிறது. வழிதவறி விக்கிரமபுரிக்குப் போய்ச் சிறையில் கிடப்பவன் பிரதாபன். ஆண் வேடத்தில் அவனைத் தேடி வந்து, யானை மாலையிட்டதால் அந்த நாட்டை ஆள நேர்ந்து, அவனையும் மீட்டு, நாட்டையும் சீர்ப்படுத்துகிறவள் அவள். நாட்டார் கதைகளின் சாயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வேதாகமத்தில் நீதிமொழிகளின் முதல் ஒன்பது அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். அவை மகனை விளித்துப் பேசுகிற அதிகாரங்கள். அங்கே ஞானம் ஒரு பெண். வீதியிலும் ஊர் வாசலிலும் நின்று கூப்பிடுகிறாள். வாலிபன் செய்ய வேண்டியது அவளை அடையாளம் கண்டு செவிகொடுப்பது. பெண்ணிடமிருந்து காத்துக்கொள் என்ற எச்சரிக்கையை அந்த அதிகாரங்களிலிருந்து எடுத்து அச்சிட்ட எங்கள் கைந்நூல்காரர்கள், பெண் சொல்வதைக் கேள் என்ற பாதியை எங்கே விட்டார்கள்?

பிள்ளையவர்களையும் முழுக்கத் தப்பவிட முடியாது. ஞானாம்பாள் ஆண் உடுப்பில்தான் ஆள முடிகிறது. வேலை முடிந்ததும் வேடம் கலைந்து, பதிவிரதையாக வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிரதாபன் எந்த அளவுக்கு மாறினான் என்பதும் எனக்குச் சந்தேகம். அவளை மெச்சுகிறான், மெச்சிக்கொண்டே இருக்கிறான். மெச்சுவது சுலபம். எங்கள் சபையில் கணக்குப் பார்ப்பது, முதியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, குழந்தைகளுக்குப் படிப்பிப்பது எல்லாம் பெண்கள். அன்னையர் தினத்தன்று அவர்களுக்கு ஆளுக்கொரு ரோசாப்பூ கொடுக்கிறோம்.

கூட்டத்தில் இவற்றையெல்லாம் என் தடுமாற்றத் தமிங்கிலத்தில் சொன்னேன். இங்கே பிறந்த ஒரு தம்பி கையை உயர்த்தினான். “அண்ணா, இது கிறிஸ்டியன் நாவலா? யாருமே சேர்ச்சுக்குப் போகேல்லையே.” நல்ல கேள்வி. கதைமாந்தர் தொண்டைமண்டல முதலியார்கள். கடவுள் என்று பொதுவாகப் பேசுவார்கள். எந்தச் சமயத்தின் கடவுள் என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். 1878இல் அவர் வெளியிட்ட கீர்த்தனைகளின் பெயரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’. இதை ஒளிப்பு என்று சொல்வாரும் உண்டு. அவருடைய சமகாலத்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவிய பெருங்காவியம். விசுவாசம் ஒவ்வொரு பாட்டிலும் வெளிப்படை. கவித்துவத்தில் வேதநாயகம் பிள்ளை அவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அது அழிவுக்குரிய ஊரை விட்டு ஓடுகிற ஒருவனின் கதை. எங்களுக்கு ஓடத் தெரியும், தம்பி. உன் அப்பா ஓடி வந்ததால்தான் நீ இங்கே இருக்கிறாய். வந்து சேர்ந்த ஊரில், எல்லாச் சமயத்தவரும் நடுவிலிருக்க, ஒரு மேசையில் எப்படி உட்காருவது என்பதற்குத்தான் எனக்கு முன்சீப் தேவைப்பட்டார். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் தம் கைப்பொருளைக் கொடுத்துக் கஞ்சி வார்த்தபோது அவரைப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார், சைவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் குளத்தூர்க் கோவை பாடினார். அவருடைய கிறிஸ்தவத்தை அக்கம்பக்கத்தார் வாசித்தது அவர் நடந்துகொண்ட முறையில்.

பின்வரிசையில் இருந்த ஒருவன் அதுவரை பேசவில்லை. மென்பொருள் சோதனையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். ஓட்டிப் பார்க்காத சோதனைகளை ஓட்டி முடித்ததாகக் குறிக்கச் சொல்கிறார்களாம். வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது, எல்லாரும் செய்வதுதான் என்கிறார்களாம். என்ன செய்யலாம் என்று கேட்டான். குறிக்காதே, ஓட்டவில்லை என்று எழுத்தில் போடு, மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொள், பிரச்சினை வந்தால் எனக்கு அடி என்றேன். ஆலோசகனுக்குத் தெரிந்த பதில். அவன் தலையாட்டினான். பிறகு கேட்டான், “அந்த அக்காவிட்ட நீங்க பிறகு கதைச்சீங்களா?”

இல்லை என்றேன். பெயர் ஞாபகமிருக்கிறதா என்றான். இருக்கிறது. தேடினால் இரண்டு நிமிஷத்தில் அகப்படுவார். அது என் தொழில். மண்டபத்தைப் பூட்டுகிறவர் திறப்போடு வந்து வாசலில் நின்றதால் கதிரைகளை அடுக்கத் தொடங்கினோம்.