கைபட்ட பிரதியும் கைபடாத பிரதியும்: பழைய தமிழ்க் காமிக்ஸ் இதழ்களின் விலையும் ஆய்வு மதிப்பும் (கடலூர், சிதம்பரம் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

1970களிலும் 1980களிலும் வெளிவந்த தமிழ்க் காமிக்ஸ் இதழ்கள் இன்று சேகரிப்புப் பொருளாகவும் ஊகவணிகப் பொருளாகவும் கைமாறுகின்றன. கைபடாத பிரதிக்கே உயர்ந்த விலை என்பது இச்சந்தையின் அளவுகோல். தமிழகச் சிறுநகரங்களில் இவ்விதழ்கள் வாடகை நூல்நிலையங்கள் வழியே பல கைகள் மாறி வாசிக்கப்பட்டவை. ஆகவே அவ்வளவுகோல் வாசிப்பு வரலாற்றின் சான்றுகளையே பழுது எனக் கணக்கிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்க் காமிக்ஸ், பழைய இதழ், சேகரிப்பு, ஊகவணிகம், வாடகை நூல்நிலையம், மறுபதிப்பு, கடலூர்.

முன்னுரை

கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். அவருடைய கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த செம்பதிப்பு 2000இல் வெளிவந்தது. ஒரு கதை முதலில் எந்த இதழில், எந்த வடிவில் வந்தது, நூலானபோது எது மாறியது எனக் காட்டும் பதிப்புமுறைக்குப் பழைய இதழ்ப் பிரதிகளே அடித்தளம். அத்தகைய இதழ்களைப் பெரும்பாலும் காத்தவர்கள் தனிமனிதர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகக் கடைகளில் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் அவர் 1992இல் மறைந்த பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டன. 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன.

இலக்கிய இதழ்களுக்கு வாய்த்த இந்நல்லூழ் காமிக்ஸ் இதழ்களுக்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. அவற்றை ஆராய முனையும் ஒருவர் முதலில் சென்று நிற்கவேண்டிய இடம் நூலகம் அன்று, சேகரிப்பாளரின் அலமாரி. அங்கே ஆய்வாளருக்கு முன்பே சந்தை நுழைந்துவிட்டது. சந்தை எதைப் போற்றுகிறது, எதைத் தள்ளுகிறது என்பது அதனால் ஆய்வுமுறை சார்ந்த கேள்வியாகிறது.

இதழ்கள் வந்த வழி

வெளியீட்டு வரலாறு ஓரளவு அறியப்பட்டதே. சிவகாசியிலிருந்து மு. சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழாக்கம் அது. ஓவியர் ஸ்பெயின் நாட்டின் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தோன்றியது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே ஆண்டில் தோன்றி, 500 இதழ்கள் கண்டு 2005இல் நின்றது. டைம்ஸ் ஆப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸுக்குத் தமிழ்ப்பதிப்பும் இருந்தது. வாண்டுமாமாவின் ஆசிரியத்துவத்தில் வந்த ‘பூந்தளிர்’, சிவகாசியிலிருந்து வந்து சில காலத்தில் நின்றுபோன ‘திகில்’, ‘மினி லயன்’, ‘ஜூனியர் லயன்’ ஆகியனவும் சேகரிப்பாளர் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை.

இவற்றுள் பெரும்பாலானவை மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி, பின் அடித்து, மெல்லிய அட்டையுடன் வந்தவை. நிலைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆக்கப்பட்டவை அல்ல.

குப்பை என்னும் இடைநிலை

பொருள்களின் மதிப்பு மாற்றத்தை விளக்க மைக்கேல் தாம்சன் 1979இல் முன்வைத்த ‘குப்பைக் கோட்பாடு’ இங்கே உதவும். பயன்பாட்டுப் பொருளின் மதிப்பு நாளடைவில் தேய்ந்து சுழியாகிறது. அந்தக் குப்பை நிலையில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பொருள்களுள் சில பின்னர் கண்டெடுக்கப்பட்டு, மதிப்பு ஏறிக்கொண்டே போகும் நிலைபேற்றுப் பொருள்களாகின்றன. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் எடைபோடப்பட்ட இதழ் பிற்காலத்தில் தனியிதழாக விலைபேசப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தேடவேண்டியதில்லை.

எனினும் தமிழகச் சிறுநகர அனுபவம் இக்கோட்பாட்டில் இரண்டு இடங்களில் இடிக்கிறது. முதலாவது, வாடகை நூல்நிலையம். தெருமுனையில் ஒற்றை அறையில் இயங்கி, நாளொன்றுக்குச் சில காசுகள் வாங்கிக்கொண்டு நாவலையும் காமிக்ஸையும் இரவல் தந்த இந்நிலையங்கள் கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட தமிழக நகரங்கள் பலவற்றின் வாசிப்பு வாழ்க்கையில் அரசு நூலகத்துக்கு நிகரான இடம் வகித்தவை. அங்கே ஓர் இதழ் வாசிக்கப்பட வாசிக்கப்பட மதிப்பு இழக்கவில்லை. நூறு பேர் படித்த பிரதி தன் அட்டைவிலையைப் போலப் பன்மடங்கு ஈட்டித் தந்திருக்கும். தேய்மானம் என்பது அங்கே வருவாயின் கணக்குப் புத்தகம். தாம்சன் காட்டும் நேர்ச்சரிவு இதில் இல்லை.

இரண்டாவது, குப்பை காத்திருக்கும் என்னும் எடுகோள். ஐரோப்பிய வீட்டின் பரணில் அது காத்திருக்கலாம். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேரும் கடலூரிலும், கொள்ளிடத்துக்கு வடக்கே வெள்ளாற்றுப் படுகையை ஒட்டிய சிதம்பரத்திலும் தாள் நெடுநாள் காத்திருப்பதில்லை. உப்புக்காற்றில் பின்கள் துருவேறித் தாளைத் தின்கின்றன. இராமபாணப் பூச்சி எஞ்சியதைத் துளைக்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் மிகுந்த பாதிப்புக்குள்ளான மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. உயிரும் உடைமையும் பறிபோன பேரிடர்களின் நடுவே படக்கதைப் புத்தகத்தின் இழப்பைப் பேசுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும் ஓலைச்சுவடிகள் ஆற்றில் போனதையும் செல்லரித்ததையும் பேசிப் பேசி வளர்ந்த தமிழாய்வு, அச்சுத்தாளின் அழிவுக்கும் கணக்கு வைக்கவேண்டியதே. கடற்கரை மாவட்டத்தில் தப்பிய ஒரு பிரதி எத்தனை ஆண்டுகள் தப்பியது என்பதைவிட எவற்றிலிருந்து தப்பியது என்பதே அதன் வரலாறு.

ஊகவணிகத்தின் கணக்கு

சேகரிப்பவர் வேறு, விலையேற்றத்தை எதிர்பார்த்து வாங்கி வைப்பவர் வேறு. ஒரே மனிதரிடத்தில் இருவரும் குடியிருப்பதும் உண்டு. இரண்டாமவரின் கணக்கைப் புரிந்துகொள்ள அமெரிக்க அனுபவம் துணைசெய்யும். 1938இல் பத்து சென்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 2024இல் ஏலத்தில் 60 இலட்சம் டாலருக்குப் போயிற்று. சிறுவர்கள் படித்துக் கிழித்து எறிந்ததாலேயே அது அரிதாயிற்று. இதைக் கண்ட அடுத்த தலைமுறை 1990களின் தொடக்கத்தில் புதிய இதழ்களைப் படிக்காமலேயே உறையிலிட்டுப் பூட்டியது. 1991இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஏறத்தாழ 80 இலட்சம் பிரதிகள் விற்றது. 1992இல் சூப்பர்மேன் இறப்பதாகக் காட்டிய இதழ் கறுப்பு உறையிலேயே விற்கப்பட்டது. எல்லோரும் பத்திரப்படுத்தியது எப்படி அரிதாகும்? சந்தை சரிந்தது, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனம் திவாலறிவிப்புக்கு விண்ணப்பித்தது.

அச்சந்தை விட்டுச்சென்ற அளவுகோல் மட்டும் சரியவில்லை. 2000இல் தோன்றிய சி.ஜி.சி. நிறுவனம் இதழுக்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுக் கெட்டி பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தருகிறது. பேழையைத் திறந்தால் அம்மதிப்பெண் செல்லாது. புரட்ட முடியாத புத்தகம் என்பது அதன் உச்சநிலை! தமிழ்ச் சந்தையில் பேழையும் அச்சிட்ட விலைக்கையேடும் வேர்கொள்ளவில்லை. விலை ஆளுக்கு ஆள், தேவைக்குத் தேவை மாறுகிறது. ஆனால் மதிப்பீட்டின் இலக்கணம் ஒன்றே: அட்டை இருக்கவேண்டும், பின் துருப்பிடிக்கக்கூடாது, பெயர், முத்திரை, பேனாக்கோடு இருக்கக்கூடாது, பைண்டு செய்து ஓரம் வெட்டியிருக்கக்கூடாது.

வேடிக்கையான ஒரு தொடர்பை இவ்விடத்தில் குறிப்பிடலாம். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல், பிற்காலத்தில் பிரிட்டிஷ் வார இதழுக்காக ‘ஸ்பைடர்’ கதைகள் பலவற்றை எழுதினார். லயன் காமிக்ஸ் வழியே அந்த ஸ்பைடர் தமிழ்ச் சிறுவர்களின் நாயகனானார். உலகிலேயே விலைமிக்க படக்கதையை எழுதிய அதே கை எழுதிய கதைகள்தாம் இங்கே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயின. இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை எழுத்தின் தரத்தால் விளக்க இயலாது.

தமிழ்ச் சந்தையின் தனித்தன்மை மறுபதிப்பில் வெளிப்படுகிறது. வான் ஹாம், வான்ஸ் இருவரும் படைத்த பெல்ஜியத் தொடரான ‘XIII’, ‘இரத்தப் படலம்’ என்னும் பெயரில் 2010இல் ஒரே பெருந்தொகுதியாகக் கறுப்பு வெள்ளையில் 200 ரூபாய் விலையில் வந்தது. விற்றுத் தீர்ந்தபின் பழம்பிரதிகளின் விலை பன்மடங்கு ஏறியது. 2018இல் அதே கதை முழு வண்ணத்தில் மீண்டும் வந்தது. பதிப்பாளர் நினைத்தால் அருமைப்பாட்டின் ஒரு பகுதியைக் கலைத்துவிடலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் அவர் நினைத்தால் மட்டும் போதாது. இக்கதைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டு உரிமையின் கீழ் வருபவை. உரிமை கிடைத்தாலன்றி மறுபதிப்பு இல்லை. சந்தாவையும் முன்பதிவையும் நம்பிக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் இன்றைய முறையில், புதிய இதழே வெளிவரும் நாளில் ‘வருங்கால அரிய பிரதி’ ஆகிவிடுகிறது. 1990களில் அமெரிக்கர்கள் செய்த பிழையை இங்கே சிறிய அளவில் செய்துபார்க்க வழி திறந்தே இருக்கிறது.

மறுபதிப்பு கதையைத் தேடியவரைச் சந்தையிலிருந்து விடுவிக்கிறது. இதழைத் தேடுபவர் மட்டும் எஞ்சுகிறார். ஆய்வாளரும் அவ்வெஞ்சியவருள் ஒருவர். ஏனெனில் மறுபதிப்பில் கதை வருகிறது. அதைச் சூழ்ந்திருந்த வாசகர் கடிதம், ஆசிரியர் பக்கம், அடுத்த இதழ் அறிவிப்பு, விளம்பரம் ஆகியவை பெரும்பாலும் வருவதில்லை. மொழிநடையை ஒப்பிடவும் முதற்பதிப்பே வேண்டும். இரும்புக்கை மாயாவி 1972இல் பேசிய தமிழை, பின்னாளில் திருத்தி அச்சிட்ட பதிப்பைக் கொண்டு மதிப்பிடுவது புதுமைப்பித்தன் பதிப்பில் எவரும் ஒப்பாத முறை.

பழுது எனப்படும் சான்று

இனி, சந்தை தள்ளும் பிரதியைக் கருதலாம். அதன் முதல் பக்கத்தில் வாடகை நூல்நிலையத்தின் ஊதா முத்திரை. உள்ளட்டையில் திரும்பத் தரவேண்டிய தேதிகள். ஓரத்தில் ஒரு சிறுவனின் பெயரும் வகுப்பும் பிரிவும். குறுக்கெழுத்துக் கட்டங்களில் பென்சில். கத்தரித்து எடுத்த கூப்பனின் வெற்றிடம். விலையளவில் இவை ஒவ்வொன்றும் ஒரு கழித்தல். வாசிப்பு வரலாற்றில் இவையே தரவு: எந்த ஊரில், எந்தத் தெருவில், எவ்வளவு இடைவெளியில், எந்த வயதினர் படித்தனர் என்பதற்கு வேறு ஆவணம் இல்லை. சிவகாசியின் அச்சகக் கணக்கு எத்தனை பிரதி அச்சானது என்று சொல்லக்கூடும். ஒரு பிரதி எத்தனை பேரால் படிக்கப்பட்டது என்று அது சொல்லாது. கடலூர் புதுநகரத்து முத்திரையும் துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரத்து முத்திரையும் ஒரே பிரதியில் இருக்குமானால், அது நூல்நிலையங்களுக்கு இடையே நடந்த கைமாற்றத்தின் தடயம். அதை இரசாயனம் கொண்டு துடைத்து ‘சுத்தமான பிரதி’ ஆக்குவது கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பானது.

சேகரிப்பாளர்களைக் குறைசொல்வது இவ்விமர்சனத்தின் நோக்கமன்று. தமிழ்க் காமிக்ஸ் வெளியீட்டு வரிசை பற்றி இன்று ஆய்வாளர் கையாளும் தகவலில் பெரும்பகுதி அவர்கள் ஊதியமின்றித் தொகுத்தது. பல்கலைக்கழகங்கள் இவ்விதழ்களைப் பாடப்பொருளாகக்கூடக் கருதாத காலத்தில் காசு கொடுத்து வாங்கிக் காத்தவர்கள் அவர்களே. எனவே அவர்களிடம் வேண்டப்படவேண்டியது இதழை அன்று, விவரத்தை. முத்திரை, கையெழுத்து, பைண்டு ஆகியவற்றைப் பழுதுப் பட்டியலில் அல்லாமல் பிரதி விளக்கத்தில் எழுதிவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. 1929 முதல் தமிழாய்வு நிகழ்ந்துவரும் சிதம்பரத்தில், சுவடி விளக்க அட்டவணை தயாரிக்கப் பயின்றவர்கள் அம்முறையை இங்கும் பொருத்த முடியும்.

இவற்றுள் உடனடிக் கவனம் வேண்டுவது பைண்டு தொகுதி. நூல்நிலையக்காரரோ பொறுமைமிக்க வாசகரோ பத்துப் பன்னிரண்டு இதழ்களை அட்டை நீக்கி, ஓரம் வெட்டிக் காலிகோ முதுகிட்டுக் கட்டிவைத்தார். சந்தைக்கு இது இரட்டைக் குற்றம். ஆனால் ஈரக்காற்றிலும் பூச்சியிலும் தனியிதழைவிடத் தொகுதியே தாக்குப்பிடித்தது. இன்று விலைக்காக அதைப் பிரிக்கும்போது இதழ்கள் தனித்தனியே கிடைக்கின்றன. முத்து காமிக்ஸை அடுத்து ராணி, அதையடுத்து இந்திரஜால், நடுவே ஒரு பூந்தளிர் என ஒரு வாசகர் தம் விருப்பப்படி அடுக்கிய வரிசை மட்டும் தையல் நூலோடு போய்விடுகிறது. எந்த மறுபதிப்பும் அதைத் திரும்பக் கொண்டுவருவதில்லை.