கோட்டிலிருந்து வண்ண அடுக்குக்கு: ஆதிமூலத்தின் அரூப ஓவியங்கள்

தமிழ் இலக்கிய வாசகர்க்கு ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) பெரிதும் கோட்டோவியராகவே அறிமுகமானவர். காந்தி நூற்றாண்டான 1969இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், சிதைந்த பெருமிதத்துடன் காட்சிதரும் மன்னர் வரிசையும், இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த படங்களுமே அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. ஆனால் அவர் தம் பிற்காலத்தில் பெரிதும் ஈடுபட்டது தைலவண்ண அரூப ஓவியங்களில்தான். அவை தமிழில் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை. விவாதிக்கப்படும்போதும், கோட்டைத் துறந்து வண்ணத்திற்குச் சென்றார் என்ற ஒற்றைத் தொடரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவ்வண்ண ஓவியங்களில் கோடு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் புறக்கணிப்பிற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமன்று. அச்சும் ஒரு காரணம். தமிழ்ச் சிற்றிதழ்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தன. மைக்கோடு அச்சில் ஏறத்தாழ முழுமையாகவே வாசகரை வந்தடைந்தது. தடித்த வண்ணப்பூச்சோ அவ்வாறு வந்தடையாது. வண்ண அச்சிலும்கூட நிறம் தெரியுமே தவிர, பூச்சின் கனமும் மேடுபள்ளமும் தெரிவதில்லை. இதழ்வழியே ஓவியத்தை அறிந்த ஒரு தலைமுறையின் மதிப்பீடு, அச்சேறக்கூடியதையே ஓவியரின் சாரமாகக் கொண்டதில் வியப்பில்லை.

கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம், 1960களில் சென்னை அரசு கலைக் கல்லூரியில் பயின்றவர். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த அக்காலத்தில், மேலைப் பாணிகளைப் பின்பற்றாமல் மரபிலிருந்தே நவீனத்தைக் கண்டடையும் முயற்சி அங்கு வலுப்பெற்றிருந்தது. கோடு அம்முயற்சியின் முதன்மைக் கருவியாயிற்று. ஆகவே கோடு அவருக்குத் தனிப்பட்ட திறன் மட்டுமன்று, ஒரு சூழலின் பொதுமொழியும் ஆகும். அம்மொழியில் தேர்ச்சிபெற்ற பின்னர் அதற்கு வெளியே செல்வதில் இழப்பிற்கான வாய்ப்பும் இருந்தது.

அவரது கித்தான்களின் முன் நின்று நோக்கினால், வண்ணம் பட்டைகளாகவும் திட்டுகளாகவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் காணலாம். மேலடுக்கு கீழடுக்கை முற்றிலும் மூடுவதில்லை. ஒரு திட்டு முடியுமிடத்தில் அடியிலுள்ள வேறொரு நிறம் மெல்லிய விளிம்பாகக் கசிகிறது. கண் அவ்விளிம்பைப் பற்றிக்கொண்டே பரப்பில் நகர்கிறது. இங்குக் கோடு வரையப்படவில்லை; இரு அடுக்குகள் சந்திக்குமிடத்தில் தானே விளைகிறது. மன்னர் ஓவியங்களில் நெருங்கிப் பின்னிய கோடுகள் உருவத்திற்குக் கனத்தைத் தந்தன. இங்குப் பூச்சின் கனம் கோட்டைத் தருகிறது. செயல்முறை தலைகீழானாலும் கேள்வி ஒன்றே: தட்டையான பரப்பில் கனம் எவ்வாறு பிறக்கிறது?

இவ்வோவியங்களை நிலக்காட்சிகளாகக் காண்பது எளிது. நீலத்தை வானாகவும் பழுப்பை உழுத மண்ணாகவும் கொண்டு, திணைக் கோட்பாட்டோடு இணைத்துவிடவும் முடியும். அத்தகைய வாசிப்பு தவறன்று. ஆயினும் அது ஓவியத்தை விரைவில் சொல்லாக மாற்றிவிடுகிறது. பொருளைத் தேடும் அவசரத்தில் பரப்பு பார்க்கப்படாமலே போகிறது. இலக்கியக் கல்வியிலிருந்து ஓவியத்திற்கு வரும் நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டிய இடர் இது.

எல்லாக் கித்தான்களும் ஒரே தரத்தன அல்ல என்பதையும் சொல்லவேண்டும். நிறங்களின் இணக்கம் எளிதில் கைகூடிய சிலவற்றில் அடுக்குகளுக்கிடையிலான இழுபறி தளர்ந்து, ஓவியம் அலங்காரத்தை நெருங்குகிறது. இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதே திறனாய்வின் பணி. காந்தி ஓவியங்களின் புகழுரையைத் திரும்பச் சொல்வதால் அது நிறைவேறாது. அச்சுப்படியை விட்டு மூல ஓவியத்தின்முன் செல்லும் பயிற்சி நம் ஆய்வுமுறையில் இடம்பெறும்போதுதான் ஆதிமூலத்தின் பிற்காலப் பணி தமிழில் பேசப்படத் தொடங்கும்.