மெகாவாட் கணக்கும் மாலை ஏழு மணியும்

2025 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத வழிகளில் வந்துவிட்டது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை ஐந்தாண்டு முன்பே எட்டிவிட்டோம் என்றது அது. அன்று முதல் மாற்று எரிசக்தி பற்றி மேடையேறுகிற பலரும் இந்தப் பாதியில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பெரிய அணைகளின் புனல் மின்சாரமும் கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களும் அந்தப் பாதிக்குள் அடக்கம் என்பதை யாரும் சொல்வதில்லை. அதுகூடப் போகட்டும். நிறுவுதிறனில் பாதியைத் தொட்ட அதே நாட்டில், உற்பத்தியாகும் யூனிட்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியில் இருந்தே வருகிறது. கொண்டாட வேண்டிய கணக்கு எது என்பதில்தான் எனக்குச் சண்டை.

சூரிய, காற்று மின்சாரத்தின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. 2010-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 17 ரூபாய்க்கு மேல் விலை வைத்தது. 2020-இல் குஜராத் ஏலம் ஒன்றில் அது 1.99 ரூபாய்க்கு இறங்கியது. பத்தே ஆண்டில் இப்படி விலை சரிந்த எரிசக்தி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. புகை இல்லை, சாம்பல் குளம் இல்லை, நிலக்கரிக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

குறை, அந்த நன்மையை நாம் அளக்கிற விதத்தில் இருக்கிறது. கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். திறந்தபோது உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. வெயில் இருக்கும் நேரம், மேகம், தூசி எல்லாம் கழித்தால் சூரியத் தகடுகள் நம் ஊரில் ஆண்டு முழுவதற்கும் சராசரியாகத் தருவது நிறுவுதிறனில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் 648 மெகாவாட் என்பது, ஏறக்குறைய 120 மெகாவாட் நிலையம் இரவு பகலாக ஓடினால் கிடைக்கும் யூனிட். கிணறு எத்தனை அடி ஆழம் என்று சொன்னால் அதில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று சொன்னதாகிவிடுமா?

யூனிட் குறைவு என்பதைவிட, அது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பது பெரிய கேள்வி. மதியம் ஒரு மணிக்குத் தகடுகள் பொங்கி வழிகின்றன. மாலை ஆறரைக்கு மேல் அவற்றில் ஒன்றும் இல்லை. வீட்டில் விளக்கு, மின்விசிறி, மிக்ஸி, ஏசி எல்லாம் ஓடத் தொடங்குவது அப்போதுதான். காற்றாலையின் கதை வேறு மாதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதத்துக்குள் வந்து தீர்ந்துவிடும். மழை பெய்து தேவை இறங்கும் நாட்களில், நல்ல காற்று வீசும்போதே இறக்கைகளைத் திருப்பி வைத்து நிறுத்தச் சொல்கிறார்கள். மின்தொகுப்பு தாங்காது என்பது காரணம். எப்போதும் அது நேர்மையான காரணமாகவும் இருந்ததில்லை. தமிழகத்தில் 2017-இல் சூரிய நிலையங்களை நிறுத்தியது தொடர்பான வழக்கில், பல நேரங்களில் தொகுப்பின் பாதுகாப்புக்காக நிறுத்தவில்லை, வணிகக் காரணத்துக்காகவே நிறுத்தினார்கள் என்று கண்டு, மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. ஓடாமல் நின்ற அந்த நேரங்களிலும் நிறுவுதிறன் பட்டியலில் ஒரு மெகாவாட்கூடக் குறையவில்லை.

சேமிப்புதான் வழி என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழகத்துக்கு அது நெடுநாளாகவே தெரியும். ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் கடைசியிலேயே ஓடத் தொடங்கியது. 100 மெகாவாட் வீதம் நான்கு எந்திரங்கள், மலையைக் குடைந்த அறைக்குள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்றின் தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றுவதும், தேவைப்படும் நேரத்தில் அதே எந்திரங்கள் வழியாக இறக்குவதும் அதன் வேலை. நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் திரும்பும். ஒரு யூனிட் வீண்தானே என்பார்கள். காற்றாலையை நிறுத்தி வைத்தால் நான்குமே வீண். கடம்பாறைக்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் தமிழகத்தில் இன்னொரு நீரேற்று நிலையம் ஓடத் தொடங்கவில்லை. நீலகிரியில் குந்தாவின் 500 மெகாவாட் திட்டம் காகிதத்திலும் பாறையிலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதே காலத்தில் மாநிலத்தின் காற்று, சூரிய நிறுவுதிறன் சேர்ந்து 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நாடா வெட்டுவதற்கு வசதியானதைக் கட்டினோம். மலைக்குள் தோண்ட வேண்டியதைத் தள்ளிப்போட்டோம்.

இப்போது பேட்டரி வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்கிறார்கள். புதிய சூரிய ஏலங்களில், நிலையத்தின் திறனில் பத்து சதவீதத்துக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பாவது இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 மெகாவாட் நிலையம் ஒரு நாளில் தருவது சுமார் நாலரை இலட்சம் யூனிட். அதில் இரவுக்கு எடுத்துவைப்பது 20,000 யூனிட், இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைந்தபட்சம்தானே, போகப் போகக் கூட்டுவார்கள் என்று வாதிடலாம். ஆனால் மெகாவாட்டை எண்ணிப் பாராட்டு வாங்குகிற வரை கூட்டவேண்டிய கட்டாயம் யாருக்கு?

ஆகவே புதிய சூரியப் பூங்கா எதையும் திறக்கிறவர்கள், அதன் மெகாவாட்டோடு மூன்று எண்களைச் சேர்த்து வெளியிட வேண்டும்: சென்ற ஆண்டு அந்த மாநிலத்தில் சூரிய, காற்று வழிகளில் கிடைத்த யூனிட், நிறுத்திவைத்ததால் இழந்த யூனிட், மாலை ஏழு மணிக்குத் தொகுப்புக்குத் தர முடிந்த மெகாவாட். மூன்றும் மின்சுமை மையங்களில் மணிக்கு மணி பதிவாகிற விவரங்களில் இருந்தே எடுக்கக்கூடியவை.