புறாவின் காலில் ஒரு பொட்டலம்

இயந்திரங்களோடு நாள் முழுவதும் பழகுகிறவர்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அது உண்மையன்று. அவர்கள் நிறையவே சிரிக்கிறார்கள். ஆனால் முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதனால்தான் வெளியே நிற்கும் நமக்கு அது வேடிக்கை என்றே தெரிவதில்லை. இந்த வகையில் பெரும்புகழ் பெற்ற ஓர் ஆவணத்தை எடுத்துக்கொண்டு, அது எதனால் சிறக்கிறது, அதன் உறவினர்களில் சில எங்கே சறுக்குகின்றன என்று பார்ப்போம்.

உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் வேண்டும். அந்த விதிகள் வரிசை எண்ணிட்ட குறிப்புகளாக வெளிவருகின்றன. முதல் குறிப்பை 1969 ஏப்ரல் 7ஆம் நாள் எழுதியவர் ஸ்டீவ் கிராக்கர் என்ற ஆராய்ச்சி மாணவர். மூத்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று, ‘கருத்துரை வேண்டுகிறோம்’ என்னும் பொருள்படும் பணிவான பெயரை இக்குறிப்புகளுக்கு இட்டார். அதன் சுருக்கமே ஆர்.எஃப்.சி. இன்றைய இணையம் முழுவதும் இந்தக் குறிப்புகளின் மீதுதான் நிற்கிறது. இந்த வரிசையிலேயே 1978 முதல் சில ஆண்டுகளில் ஏப்ரல் 1ஆம் தேதியிட்டு ஒரு கேலிக் குறிப்பும் நுழைந்துவிடும். அதே எழுத்து, அதே தலைப்புகள், அதே வறண்ட நடை. தேதியைக் கவனித்தவர் பிழைத்தார்!

1990 ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட 1149ஆம் குறிப்பு டேவிட் வெயிட்ஸ்மன் எழுதியது. இணையச் செய்திப் பொட்டலங்களைப் பறவைகள் மூலம் அனுப்புவதற்கான விதி அது. செய்தியைச் சிறு காகிதச் சுருளில் அச்சிட வேண்டும்; பறவையின் ஒரு காலில் சுற்றி ஒட்டுநாடாவால் கட்ட வேண்டும்; சேரிடத்தில் அவிழ்த்து, ஒளிவருடியால் படித்து, மீண்டும் மின்குறிகளாக மாற்ற வேண்டும். பறவைகள் ஒன்றோடொன்று மோதாமல் விலகும் திறனை இயல்பிலேயே பெற்றவை என்கிறது குறிப்பு. கம்பியில் ஒரு பரிமாணம்தான், வானத்திலோ மூன்று! வசந்த காலத் தொடக்கம் நீங்கலாக மற்றக் காலங்களில் அவை ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லையாம். ஏன் அந்த விலக்கு என்பதை நான் விளக்கப் போவதில்லை.

புழுக்களைக் கண்டுபிடித்து ஒழிக்கும் வசதி இம்முறையில் தானாகவே அமைந்திருக்கிறது என்றும் ஒரு வரி உண்டு. 1988 நவம்பரில் ‘புழு’ எனப்பட்ட ஒரு நிரல் அமெரிக்கக் கணிப்பொறிகள் பலவற்றை முடக்கிப் போட்டிருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் எழுதப்பட்ட கேலியாகையால் படித்தவர்களுக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். இந்தச் சிலேடை தமிழிலும் பிழைத்துக்கொள்கிறது. பறவைகள் தாம் வந்து போனதற்கான தணிக்கைத் தடயங்களைத் தாமே விட்டுச் செல்லும் என்ற இன்னொரு வரியோ, ஆங்கிலத்தில் மரக்கட்டைக்கும் பதிவேட்டுக்கும் ஒரே சொல் இருப்பதை நம்பி நிற்பது. தமிழில் அந்தச் சொல் விளையாட்டு விழுந்துவிடும். ஆனால் நம்மிடம் ‘எச்சம்’ என்ற சொல் இருக்கிறதே! பறவை இட்டதும் எச்சம், எஞ்சி நிற்பதும் எச்சம். மூலத்தைவிட நமக்கு இது ஒரு படி கூடுதலாகவே வாய்த்திருக்கிறது என்பேன்.

இவையெல்லாம் மேற்பூச்சு. இந்தக் குறிப்பின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. இணையத்தின் அடிப்படை விதி எதற்கும் உறுதி கொடுப்பதில்லை. அனுப்பிய பொட்டலம் வழியில் தொலையலாம், தாமதமாகலாம், பின்னால் அனுப்பியது முன்னால் வந்து சேரலாம். அது செம்புக் கம்பியில் போகிறதா, வானொலி அலையில் போகிறதா என்று விதி கேட்பதே இல்லை. அப்படியானால் புறாவில் போனால் என்ன? விதிப்படி ஒரு தடையும் இல்லை! வெயிட்ஸ்மன் விதியை மீறிச் சிரிக்க வைக்கவில்லை. விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துச் சிரிக்க வைத்தார். இதனால்தான் இதை நான் முதல் தரத்தில் வைக்கிறேன்.

அது வெறும் வாய்ப்பேச்சு அன்று என்பதை 2001 ஏப்ரல் 28ஆம் நாள் நார்வே நாட்டுப் பெர்கன் நகரத்துக் கணிப்பொறி ஆர்வலர்கள் செய்தே காட்டினார்கள். ஒன்பது பொட்டலங்கள் புறாக்களில் அனுப்பப்பட்டன; நான்குக்கு மறுமொழி வந்தது. இழப்பு 55 விழுக்காடு. போய்த் திரும்ப ஆன சராசரி நேரம் ஏறத்தாழ 5,220 வினாடி, அதாவது 87 நிமிடம். சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி இந்த நேரத்துக்குள் சனிக்கோளைத் தாண்டிப் போயிருக்கும்! ஆனாலும் விதிப்படி அது முறையான இணையத் தொடர்பே.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். இந்தக் குறிப்பின் நகல் ஒன்று என் மாணவர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் அதை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்திருக்கிறார். பிறகு என்னிடம் வந்து, “சார், இதில் ஒரு தவறு இருக்கிறது. ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 256 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார்கள். பைட் கணக்கில் அல்லவா இருக்க வேண்டும்? அலகு பொருந்தவில்லையே!” என்றார். அருகிலிருந்த நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “கேலி என்றுகூடத் தெரியவில்லையா?” என்றார் ஒருவர். அவர் முகம் சுருங்கிவிட்டது.

வாசகர்களே, அங்கே யார் நன்றாகப் படித்தவர் என்று எண்ணிப் பாருங்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்த அலகைக் கவனித்திருக்கவில்லை. ‘இது வேடிக்கை’ என்று யாரோ சொல்லிவைத்ததைக் கேட்டுச் சிரித்தார்கள். இவரோ வேடிக்கை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறதோ அங்கே போய் விரலை வைத்துவிட்டார். 256 என்பது இரண்டின் எட்டாம் அடுக்கு. கணிப்பொறிக்காரர்களுக்குப் பழகிய எண். அதன் பக்கத்தில் எடையின் அலகை ஒட்டவைத்ததுதான் கேலி. பரிமாணங்களைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ள இயற்பியல் மாணவருக்கு மட்டுமே அது முழுதாகப் பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த அலகு உண்மையில் தவறுதானா? கம்பியில் எத்தனை பைட் என்பது எல்லை. பறவைக்கு எல்லை எடைதான். அது எழுத்தை எண்ணிப் பார்த்துத் தூக்குவதில்லை. 2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறா 4 கிகாபைட் கொண்ட நினைவுச் சில்லைச் சுமந்துகொண்டு ஹோவிக்கிலிருந்து டர்பனுக்கு அருகிலுள்ள ஹில்கிரெஸ்ட் வரை 1 மணி 8 நிமிடத்தில் பறந்தது. சில்லிலிருந்து செய்தியை இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் 2 மணி 7 நிமிடம். அதே நேரத்தில் தொலைபேசிக் கம்பி வழியே 4 விழுக்காடுதான் போய்ச் சேர்ந்திருந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 கிகாபைட் என்பது சுமார் 3,200 கோடி பிட். பறந்த 4,080 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 78 இலட்சம் பிட். இன்று கைப்பேசியில் செருகும் நகத்தளவுச் சில்லின் எடை ஏறத்தாழ கால் கிராம், அதாவது 250 மில்லிகிராம். அதில் ஒரு டெராபைட் அடங்குகிறது. வின்ஸ்டன் அதைச் சுமந்து அதே வேகத்தில் பறந்தால் வினாடிக்குச் சுமார் 200 கோடி பிட்! முதல் பிட் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பது உண்மையே. தாமதம் வேறு, கொள்திறன் வேறு என்பதைப் பாடநூல்களைவிட இந்தப் புறா தெளிவாக விளக்கிவிடுகிறது. மேலும், 1990இல் விளையாட்டாக எழுதிய அந்த 256 மில்லிகிராமுக்குள் இன்றைய சில்லு அடங்கிவிடுகிறது என்பதைக் கண்டபோது நானே சற்று அசந்துபோனேன்.

புறாத் தபால் என்றாலே சிரிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரிசாக் காவல் துறை 1946 முதல் புறாத் தபாற் பிரிவு ஒன்றை நடத்தி வந்தது. 1999ஆம் ஆண்டின் பெரும் புயலில் கம்பிகள் அறுந்து கிடந்தபோது அந்தப் புறாக்கள் செய்தி சுமந்தன.

வெயிட்ஸ்மன் 1999 ஏப்ரலில் இதன் தொடர்ச்சியாக 2549ஆம் குறிப்பை எழுதினார். விமானப் பயணத்தைப் போலப் பறவைகளுக்கும் வகுப்புகள், நெருப்புக்கோழியை மாற்று வாகனமாகப் பயன்படுத்துதல் என்றெல்லாம் போகிறது. எனக்கு அது சுவைக்கவில்லை. முதலாவதில் விதியே சிரித்தது. இரண்டாவதில் ஆசிரியர் சிரிக்க வைக்க உழைக்கிறார்.

லாரி மாசிந்தர் 1998இல் எழுதிய 2324ஆம் குறிப்பு வேறு இனம். கணிப்பொறி வழியே காப்பிக் கூஜாவை இயக்கும் விதி அது. தேநீர்க் கூஜாவிடம் காப்பி போடச் சொன்னால் ‘நான் தேநீர்க் கூஜா’ என்று 418 என்ற பிழை எண்ணோடு விடை வரவேண்டும். இணையப் பக்கங்களை அனுப்ப ஏற்பட்ட ஒரு விதியை எதற்கெடுத்தாலும் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தவர்களைக் குத்திக் காட்டவே அவர் இதை எழுதினார். கருத்துள்ள அங்கதம்தான். ஆனால் நடந்தது என்ன? ஆர்வலர்கள் 418ஐ மெய்யான நிரல்களிலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். 404 போன்ற பிழை எண்கள் 400 முதல் 499 வரை நூறுதான். அதில் ஒன்றைக் கேலி பிடித்துக்கொண்டது. 2017இல் அதை நீக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, 418ஐக் காப்பாற்றுவோம் என்று ஓர் இயக்கமே கிளம்பியது. முடிவில் 2022இல் வந்த 9110ஆம் குறிப்பு அந்த எண்ணைப் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறித்து ஒதுக்கி வைத்துவிட்டது. விதியை அளவுக்கு மீறி நீட்டாதீர்கள் என்று சொல்ல வந்த கேலியே விதியை நீட்டிவிட்ட கதை இது. இதில் குற்றம் மாசிந்தருடையது அன்று, ரசிகர்களுடையது.

எந்தக் கேலியை நான் ஒப்பமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறி அறிவிப்புப் பலகையில் ஓர் இயற்பியல் புதிரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வடம் அறுந்து விழும் மின்தூக்கிக்குள் எரியும் மெழுகுவத்தியும் ஒரு துளிப் பாதரசமும் இருந்தால் என்ன ஆகும்? அருமையான கேள்வி. தடையின்றி விழும் அறையில் எடையில்லை. ஆகவே வெப்பக் காற்று மேலே எழாது, சுடர் நீளாமல் மங்கி உருண்டையாகும். தட்டையாகக் கிடந்த பாதரசம் பரப்பு இழுவிசையால் முழு உருண்டையாகும். இதைத் தொடர்ந்து ஒருவர் வேடிக்கையாக ஓர் எச்சரிக்கை எழுதினார்: அண்மைச் சோதனை ஒன்றினால் இடது ஓரத்து மின்தூக்கி பாதரசத்தால் மாசுபட்டிருக்கிறது, சிறிது தீச்சேதமும் உண்டு என்று. முன்கதை அறியாதவர்கள் மெய்யென்றே நம்பிவிட்டார்கள். வேடிக்கை எழுதினால் ஓர் அடையாளம் இட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுத்தடுத்து இட்டுச் சாய்ந்த சிரிப்பு முகம் ஒன்றை முன்மொழிந்தார். இன்று கைப்பேசிகளில் நாம் தட்டிவிடும் சிரிப்பு முகங்களுக்கு அதுவே முன்னோடி.

எல்லோரும் அந்தச் சிரிப்பு முகத்தைக் கொண்டாடுகிறார்கள். நான் பாதரசத்தை நினைக்கிறேன். ஆய்வுக் கூடத்தில் உடைந்த வெப்பமானியைக் கண்டு மாணவர்களை விலகச் சொன்ன எந்த ஆசிரியருக்கும் அந்த வேடிக்கை பிடிக்காது. இன்று பொய்யாக ஓர் எச்சரிக்கை ஒட்டினால் நாளை மெய்யான எச்சரிக்கையை யார் நம்புவார்கள்? புறாவின் குறிப்பை மெய்யென்று நம்பியவருக்கு ஒரு தீங்கும் இல்லை. அவர் இணையத்தின் விதியைச் சரியாகக் கற்றிருப்பார், அவ்வளவே.

அந்த மாணவரிடம் வின்ஸ்டன் கணக்கைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இரண்டு புறா விட்டு, இரண்டாவது முதலில் வந்துவிட்டால் என்ன செய்வார்கள் சார்?” என்றார். ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண் இருக்கும், பெறுபவர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார் என்றேன். “அப்படியானால் வராத புறாவுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது?” என்று அடுத்த கேள்வி வந்தது. கரும்பலகை பக்கத்தில்தான் இருந்தது. பெர்கன் நகரத்து நேரங்களை எழுதிக்கொண்டு இருவரும் கணக்கிடத் தொடங்கினோம். சிரித்த நண்பர்களில் இருவரும் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.