நம்ப முடியாத அன்பு

பையன் தடம் மாறினால் ‘வளர்ப்பு சரியில்ல’ என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். ஃப்ரான்சுவா த்ரூஃபோவின் ‘த 400 ப்ளோஸ்’ (1959) பற்றிய பேச்சும் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறது: அன்பு கிடைக்கவில்லை, திருடனாகிவிட்டான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்துவானின் வீட்டில் அன்பு இருக்கிறது. எப்போ வரும், எப்போ போகும்னுதான் தெரியாது.

பள்ளிக்கு மட்டம் போட்ட ஒருநாள், பாரிஸ் தெருவில் அம்மா வேறொருவரை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறான். அவளும் இவனைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பாசம் பொங்குகிறது. குளிப்பாட்டுகிறாள். கட்டுரையில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் ஆயிரம் ஃப்ராங்க் தருவதாகச் சொல்கிறாள். இது கொஞ்சலா, வாயை அடைக்கும் கூலியா?

அவன் நம்பிவிடுகிறான். பால்ஸாக் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், தீப்பிடிக்கிறது. அப்பா கத்துகிறார். கொஞ்ச நேரத்தில் மூவரும் சினிமாவுக்குப் போய், சிரித்துக்கொண்டே காரில் திரும்புகிறார்கள். அறை விழும் காட்சியைவிட இந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகம் வலித்தது. இவங்களால முடியும். மனசு வந்தா மட்டும்தான்.

பிறகு அந்தக் கட்டுரையே பால்ஸாக்கைக் காப்பியடித்தது என்று வாத்தியார் குற்றம் சாட்ட, அந்துவான் வீட்டுக்குப் போகாமல் ஓடுகிறான். அப்பாவின் ஆபீஸில் டைப்ரைட்டர் திருடுகிறான். விற்க முடியாமல் திரும்ப வைக்கப் போகும்போதுதான் மாட்டுகிறான். போலீஸில் கொண்டுபோய் விடுவது அந்த அப்பாவேதான், பெற்றவர் அல்ல, வளர்த்தவர்.

படத்தில் எனக்கொரு குறையும் உண்டு. அம்மாவின் தரப்பு கிட்டத்தட்ட இல்லை. அவள் விரும்பாமல் சுமந்த பிள்ளை இவன் என்பதைக்கூட, சீர்திருத்த இல்லத்தில் மனநல நிபுணரிடம் அவன் பேசும்போதுதான் அறிகிறோம். கேமரா பையன் பக்கமே நிற்கிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. த்ரூஃபோவையும் அவரை வளர்த்த தந்தை சிறுவயதில் போலீஸிடம் ஒப்படைத்தவர்தான். ஆனால் அவருக்காக வந்து நின்று மீட்க விமர்சகர் ஆந்த்ரே பாஸான் இருந்தார். படம் அவருக்கே சமர்ப்பணம். பெற்றோர் மட்டும்தான் காரணம் என்றால் த்ரூஃபோவும் அந்துவானாகவே முடிந்திருக்க வேண்டும். அந்துவானுக்கு நண்பன் ரெனே இருக்கிறான், அவனும் சிறுவன்தான். ஆசிரியர், அதிகாரி, நீதிபதி என்று படம் முழுக்கப் பெரியவர்கள். நாளைக்கும் இருப்பேன் என்று நம்பவைக்க அவர்களில் ஒருத்தர்கூட இல்லை.