வாகைகுளத்துக்கு எந்த விமானம்?

வீட்டுக் கணினியில் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கும் பயணிகள் விமானம் பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737. காக்பிட்டில் எத்தனை பொத்தான் வேலை செய்கிறது, எத்தனை கோளாறுகளை வரவழைத்துப் பழகலாம் என்று எண்ணித்தான் இந்த ஆட்-ஆன்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஃபெனிக்ஸ் ஏ320, பிஎம்டிஜி 737 இரண்டையும் முந்துவது கடினம். ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒருவர் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு முதல் பயணிகள் விமானம் எது என்று கேட்டால், ஏடிஆர் 72-600 என்பதே என் பதில். எந்த ஓடுபாதையில் ஏறி இறங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற விமானத்தைத் தேட வேண்டும். நம் ஊர் ஓடுபாதைகள் பல ஆண்டுகளாக ஏடிஆரையே கேட்டு வந்திருக்கின்றன.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பழைய ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஏடிஆர் 72-600 முழு எடையான 23 டன்னோடு, கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் கிளம்பவே 1,300 மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். சித்திரை, வைகாசியில் கரிசல் மண் காய்ந்து கிடக்கும்போது மதிய வெப்பம் 38 டிகிரியைத் தொடும். வெப்பம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், எஞ்சினின் தெம்பும் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். அப்போது எரிபொருளையோ ஆளையோ சரக்கையோ குறைத்தால்தான் மேலே எழும்ப முடியும். ஆட்-ஆனில் வரும் டேப்லெட்டில் பயணிகளையும் எரிபொருளையும் ஏற்றி, வெப்பத்தை 38 டிகிரிக்கு வைத்து, பழைய நீளத்துக்குள் கிளம்பிப் பாருங்கள். நேரான பாதையில் சென்னை சுமார் 530 கிலோமீட்டர். அதற்கு எவ்வளவு எரிபொருள் போதும், எத்தனை பேரை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லியாக வேண்டும். ஏ320-இல் மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதையிலிருந்து மட்டும் பறக்கிறவருக்கு இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை.

ஹான்ஸ் ஹார்ட்மன் உருவாக்கி 2023 ஏப்ரலில் வெளிவந்த இந்த ஆட்-ஆனில் ஏடிஆர் 42, 72 இரண்டும் உண்டு. விலை சுமார் 20 டாலர், ஃபெனிக்ஸின் விலையில் பாதிகூட இல்லை. இதில் முதலில் பார்க்க வேண்டியது ஹோட்டல் மோடு. ஏடிஆரில் வாலில் ஏபியு எனும் தனித் துணை எஞ்சின் கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்தி, மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வெயிலில் நிற்கும் விமானத்தில் இது எவ்வளவு பெரிய சங்கதி என்பதை இந்தப் பக்கத்து ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்தது, ஏ320-இல் இருப்பது போன்ற ஆட்டோ-த்ரஸ்ட் இதில் இல்லை. வேகத்தை உங்கள் கைதான் காக்க வேண்டும். பவர் லீவரைச் சட்டென்று மூடினால் அந்தப் பெரிய ஆறு இதழ்ப் புரொப்பெல்லர்களே காற்றைத் தடுத்து வேகத்தை மளமளவென்று இறக்கிவிடும். ட்ரிம்மையும் விமானியே கவனிக்க வேண்டும். ஏ320-இல் இவற்றில் பெரும்பகுதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

இந்த வேறுபாடு நன்றாகத் தெரிவது ஆடி மாதக் காற்றில். கயத்தாறில் காற்றாலைகளை வரிசை வரிசையாக நடவைத்த அந்த மேல்காற்று வாகைகுளத்தையும் விடுவதில்லை. ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடப்பதால், அந்த மாதங்களில் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு மேலாக வந்து, மேற்கு நோக்கி 28-ஆம் ஓடுபாதையில் இறங்கலாம். ஏடிஆர் இறங்கும் வேகம் சுமார் 110 நாட். எதிர்காற்று 25 நாட் என்றால் தரைவேகத்தில் கால்பங்குக்குக் கிட்டப் போய்விடுகிறது. குத்தலாக வந்த காற்று ஒரு கணம் தளர்ந்தாலும் வேகம் சரியும், கை உடனே பவர் லீவருக்குப் போக வேண்டும். நேரடி வானிலை சாதுவாக இருந்தால் நீங்களே 270 டிகிரி, 22 நாட், 32 வரை வீச்சு என்று அமைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்-ஆன் தரும் ஆகச் சிறந்த பத்து நிமிடம் அதுதான் என்பேன்.

இப்போது வாகைகுளத்து ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டதே, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்றே, இனி ஏ320 வரலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஏடிஆரின் தேவை வாகைகுளத்தோடு முடிவதில்லை. 1,806 மீட்டர் ஓடுபாதை கொண்ட சேலத்துக்கும் 1,500 மீட்டரே உள்ள புதுச்சேரிக்கும் இண்டிகோ அனுப்புவது ஏடிஆரைத்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கியதும், 2024 செப்டம்பரில் இண்டிகோ தொடங்கியதும் ஏடிஆர் சேவைகளே. தமிழ் பேசும் சிற்றூர் நிலையங்களைச் சுற்றிவர இதைவிடப் பொருத்தமான விமானம் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்கள் சிமுலேட்டரில் வாகைகுளம் பழைய நீளத்தோடு இருக்கிறதா, புதிய நீளத்தோடு இருக்கிறதா என்று பார்க்காமல் அங்கே ஏ320-ஐ இறக்கப் போகாதீர்கள்.

விமானி ஆக ஆசைப்படும் பிள்ளை ஏ320-இல்தானே பழக வேண்டும், வேலை அங்கேதானே கிடைக்கிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். ஃபிளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் முற்றிலும் இலவசம். அது லீப் எஞ்சின் பொருத்திய ஏ320 நியோ. ஃபெனிக்ஸில் இருப்பதோ நியோவுக்கு முந்திய தலைமுறை. இண்டிகோ இன்று ஓட்டும் ஏ320-களில் மிகப் பெரும்பாலானவை நியோ என்பதால், நாம் வானில் பார்க்கும் விமானத்துக்கு இலவசமே நெருக்கமானது. ஃபெனிக்ஸின் ஆழத்தை நான் மறுக்கவில்லை. மின்சாரம், ஹைட்ராலிக் ஒவ்வொன்றும் பழுதானால் அடுத்து என்ன ஆகும் என்பதை அவ்வளவு நேர்மையாகக் காட்டும் வீட்டு விமானம் அரிது. ஆனால் அது கணினியின் நினைவகத்தை நிறையக் கேட்கும். 16 ஜிபி மட்டும் உள்ள கணினியில் வாங்கினால், சென்னை நிலையத்தில் படம் திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்து மனம் நோகும்.

ஏடிஆரிலும் குறை உண்டு. இந்தச் சிமுலேட்டரின் டர்போபுராப் கணக்கு தரையில் அசல் இயந்திரம் போல நடந்துகொள்வதில்லை. டாக்ஸியில் புரொப்பெல்லரின் இழுவையும் தடையும் செயற்கையாகவே தெரிகின்றன. சைட்-ஸ்டிக் கொண்ட ஏ320-க்கு ஒரு ஜாய்ஸ்டிக்கே பொருத்தம், ஏடிஆருக்கு அப்படி இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் அசல் ஏடிஆரில் உள்ளது போன்ற யோக் வாங்க வேண்டியதில்லை. முறுக்கினால் ரட்டர் திரும்பும், ஓரத்தில் சிறு த்ராட்டிலும் உள்ள ஜாய்ஸ்டிக் ஒன்றே இதற்குப் போதும். முதலில் அதையும் ஏடிஆரையும் வாங்குங்கள். ஃபிளைபைவயரை இறக்கி வையுங்கள். கணினியில் 32 ஜிபி ஏறிய பிறகு ஃபெனிக்ஸைப் பற்றி யோசிக்கலாம்.